டேங்கின் வாயில் நின்றவர்

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஆன்சல் கிட்டன்ஸ் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். எட்டரைக்குள் ஊர் சிரித்து முடித்துவிட்டது.

சிரிக்கக் காரணம் இருந்தது. ஆன்சல் ஒரு பாதுகாப்பு அதிகாரி. அங்கே நிற்காதே, இதைத் தொடாதே, தலைக்கவசத்தைப் போடு என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களை விரட்டிய மனிதர், ஒரு காலி டேங்குக்குள் தனியாகப் போய் மூச்சு முட்டிச் செத்தார் என்றால் ட்ரினிடாட்டின் லா ப்ரே ஊரில் எந்த டீக்கடைதான் வாயை மூடிக்கொண்டிருக்கும்? வானொலியில் அறிவிப்பாளர் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நொடி பேசாமல் இருந்தார். அந்த இரண்டு நொடியும் சிரிப்புதான்.

ரிஷ்மா டூக்கி காரோட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். வானொலியை ஓர் அடி அடித்தாள். அது நின்றது. அதற்குப் பிறகு அது வேலை செய்யவே இல்லை.

அவளும் பாதுகாப்பு அதிகாரிதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை மூடியதிலிருந்து தெற்கு ட்ரினிடாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு பாதுகாப்பு அதிகாரி மேல்தான் விழ வேண்டும். ஆபத்தெல்லாம் கயானாவுக்குப் போய்விட்டது, அதிகாரிகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் எல்லோரும் கயானாக் கடலில் நிற்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு மனுப் போட்டார்கள். நான்கு வாரம் கடல், நான்கு வாரம் வீடு, சம்பளம் அமெரிக்க டாலரில்.

மற்றவர்களைவிட ரிஷ்மாவுக்கு அது கூடுதல் கஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆலையில், தேய்ந்த கம்பியோடு ஓடிய கிரேனை அவள் நிறுத்தினாள். அதற்காக நிர்வாகம் விழா எடுத்து ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. அடுத்த மாதம் வேலையிலிருந்து அனுப்பியது. அதன் பிறகு எத்தனையோ நேர்காணல். கடைசியாகக் கணினித் திரையில் தெரிந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஏதோ சொன்னாள். தேர்வாகிவிட்டாள்.

கப்பலுக்குத் தலைமை அதிகாரி ஆன்சல். துணை அதிகாரி ரிஷ்மா. யாராவது வராவிட்டால் டெரன் க்வாமினா. புதன்கிழமை ஜார்ஜ்டவுன் விமானம். இன்று காலை மூவரும் ‘மூன்று பெலிக்கன்’ ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதன் பயிற்சி வளாகத்தில் இருந்த டேங்கில்தான் ஆன்சல் கிடந்தார்.

வாசலிலேயே அவள் கண்ணில் பட்டது ஆன்சலின் நீலக் கார். அதன் பின்கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த வாசகம் தூரத்திலிருந்தே தெரிந்தது: ‘வேலை முடிந்ததா? முழுசாக வீடு போய்ச் சேர்.’ ரிஷ்மா பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் காரைப் பின்னால் நகர்த்தி, க்வாமினாவின் பழைய லாரிக்குப் பக்கத்தில் சுவரோரம் நிறுத்தினாள். அலுவலகப் படிக்கட்டுக்கு நேர் எதிரே முதலாளி கிளைட் அல்லாஹரின் வெள்ளை ஜீப் ஊருக்கே பிட்டத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, அதன் உரிமையாளரைப் போலவே.

அல்லாஹர் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் காபி, இன்னொரு கையில் போன். இரும்புப் படிகள் தன்னிடம் சம்பளம் வாங்குபவை என்பது போல மிதித்து இறங்கினார். அவர் தலைக்கு மேலே பெயர்ப்பலகை: ‘வட கடலில் முப்பது ஆண்டு அனுபவம்.’

"என்ன அநியாயம் பாருங்க இன்ஸ்பெக்டர்" என்றார் கீழே நின்றவரிடம். "முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு கவனக்குறைவைப் பார்த்ததில்ல. காத்தைச் சோதிக்கற சொந்த மீட்டரைக் கார்ல ஜெபமாலை மாதிரி தொங்கவிட்டுட்டு, என் ஷெல்ஃப்ல இருந்த மீட்டரை எடுத்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாத நேரத்துல வந்து உள்ள இறங்கியிருக்கான். யாரு இவனை வரச் சொன்னது?"

இன்ஸ்பெக்டர் ஹோலிஸ் கட்ஜோ டபுள்ஸ் என்ற பொரித்த ரொட்டி ஒன்றைக் காகிதத்தோடு கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடலைக்குழம்பு சட்டையில் வழியாமல் தின்னும் கலை அவருக்கு இன்னும் கைகூடவில்லை.

"நீங்க எங்க இருந்தீங்க நேத்து?"

"வீட்டுல. வேற எங்க?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மிஸ் டூக்கி நீங்கதானே? நேத்து மதியம்?"

"வீட்டுல. துணி மடிச்சுக்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"துணிதான்."

"கிட்டன்ஸ் போனா தலைமைப் பதவி உங்களுக்கு."

"ஆமா."

"மறைக்கலையே?"

"எதுக்கு மறைக்கணும்? கேட்டா நானே சொல்லியிருப்பேன்."

"பாஸ்போர்ட்டைக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

"புதன்கிழமை விமானம் சார்."

"விமானத்துக்கு அது தெரியுமா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேலை, டபுள்ஸ் எண்ணெய்க் கையோடு அவர் பைக்குள் போனது.

அடுத்தது க்வாமினா. ஆறடி, தோளெல்லாம் கோபம். "நான் சான் ஃபெர்னாண்டோவுல சீட்டாட்டப் போட்டியில இருந்தேன். அம்பது பேர் பார்த்தாங்க. தோத்தேன், அதையும் பார்த்தாங்க. ஆன்சலை எனக்குப் பிடிக்காது, சரி. ஆனா அந்தாளு பேரைச் சொல்லி எவனாவது சிரிச்சா பல்லு இருக்காது. வானொலிக்காரனையும் சேர்த்துத்தான்."

"ஏன் பிடிக்காது?"

"என் லாரியில ஒரு டயர் தேஞ்சிருந்ததுன்னு வேலைத்தளத்துக்குள்ளயே விடல, பாவி. டயரை மாத்தினதுக்கு அப்புறம்தான் விட்டான். அந்த வாரமே மழையில ரோடு வழுக்கி நாலு வண்டி கவுந்தது. என்னோடது கவுழல. அதுவும் எனக்குப் பிடிக்கல."

*

பத்து மணி. இன்ஸ்பெக்டர் போனில் இருந்த நேரம் பார்த்து அல்லாஹர் ரிஷ்மாவை ஓரம் கட்டினார்.

"இங்க பாரும்மா. இது விபத்து. இன்ஸ்பெக்டருக்கும் விபத்துன்னா வேலை மிச்சம். ‘ஆன்சல் எப்பவும் இப்படித்தான், தனியாப் போவார்’னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மதியமே பாஸ்போர்ட் உன் கைக்கு வந்துடும். தலைமைப் பதவி உனக்கு, நான் ஜார்ஜ்டவுனுக்குப் பேசறேன்."

"சொல்லலைன்னா?"

"கிரேன் கதை எனக்கும் தெரியும். இந்தத் தீவுல வேற யாரு உன்னை அனுப்புவாங்கன்னு நினைக்கிற?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிந்தது.

டேங்க் பக்கம் நடந்தாள். பழைய எண்ணெய் டேங்க், பக்கவாட்டில் ஆள் நுழையும் வட்ட வாய். மூடியின் மரைகளைச் சுற்றித் தரையில் துரு, அள்ளினால் ஒரு கை நிறைய வரும். நேற்று உதிர்ந்த துரு. அதற்கு முன் இந்த மூடியைப் பல வருடமாக யாரும் திறக்கவில்லை. ஆனால் இந்த டேங்குக்குள் இறங்கி ஏறிப் பயிற்சி பெற்றதாக மூன்று பெலிக்கன் சான்றிதழோடு நாற்பது பையன்கள் இப்போது கயானாக் கடலில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆன்சல் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "டூக்கி, ஞாயித்துக்கிழமை வெசினி கடற்கரைக்கு வா. கப்பல் ஏறறதுக்கு முன்னாடி ஒரு குப்பையைக் கூட்டணும்." அவள் போகவில்லை. துணி மடித்தாள்.

வாயருகே ஒரு பலகை. உள்ளே போகிறவர் தன் பெயர்வில்லையை அதில் மாட்ட வேண்டும். ஆன்சலின் வில்லை தொங்கியது. ‘வாயில் காவல் நிற்பவர்’ என்ற கொக்கி வெறுமையாக இருந்தது. கீழே ஒரு தகரத் தட்டில் போன், லைட்டர், கார்ச்சாவி. பொறி பறக்கக்கூடிய எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் பையைக் காலி செய்துவிட்டே இறங்குவது வழக்கம். ஆன்சல் வழக்கத்தை விடவில்லை.

"இன்ஸ்பெக்டர்!" அவள் குரல் வளாகம் முழுக்கக் கேட்டது. "வாங்க இங்க!"

அவர் அவசரமில்லாமல் வந்தார். "கத்தாதீங்க மிஸ். எனக்குக் காது கேக்கும்."

"எங்க தொழில்ல ஒரு சாவு விழுந்தா ‘ஏன்’னு அஞ்சு தடவை கேக்கணும். அஞ்சாவது ஏனுக்குப் பதில் எப்பவும் ஒண்ணுதான், செத்தவனோட கவனக்குறைவு. கம்பெனிக்குச் செலவில்லாத பதில் அது மட்டும்தான். இன்னிக்கு நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. ஆன்சல் ஏன் செத்தார்?"

"டேங்க்ல நைட்ரஜன் நிரம்பியிருந்தது. ரெண்டு மூச்சுலயே விழுந்துட்டாராம்."

"ஏன் நிரம்பியிருந்தது?"

"சிலிண்டர் வால்வு திறந்திருந்தது."

"அப்போ ஏன் உள்ள போனார்?"

"நைட்ரஜனுக்கு வாசனை கிடையாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுக்கறீங்க? மீட்டரை நம்பிப் போயிருப்பார்."

"மீட்டர் ஏன் எச்சரிக்கல?"

இன்ஸ்பெக்டர் தாடையைத் தேய்த்தார். பிணத்தின் மார்பிலிருந்து எடுத்த மஞ்சள் மீட்டர் ஒரு பையில் இருந்தது. அவள் சிலிண்டரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் நைட்ரஜன் பிடித்து, மீட்டரை அதற்குள் விட்டாள். திரையில் பிராணவாயு 20.9 என்று காட்டியது. அதாவது நல்ல காற்று. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். 20.9.

"இதைக் கடலுக்கு அடியில கொண்டுபோனாலும் 20.9 தான் காட்டும்" என்றாள். "உள்ள உயிரே இல்ல. பாடம் நடத்தாமலே சர்டிபிகேட் குடுக்கறவருக்கு நிஜ மீட்டர் எதுக்கு? இப்போ அஞ்சாவது ஏன். ஆன்சல்கிட்ட சொந்த மீட்டர் உண்டு. தினமும் சோதிப்பார், பொண்டாட்டியைவிட அதைத்தான் அதிகம் பார்க்கறார்னு வீட்டுல சண்டையே உண்டு. அவர் ஏன் இந்தப் பொம்மையை எடுத்துக்கிட்டுப் போனார்?"

"அவசரம்?"

"அவர் கார் நாலு எட்டுல நிக்குது. திறந்து பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல. எட்டிப் பார்த்தேன், கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். ஒண்ணும் தெரியல."

தட்டிலிருந்த சாவியைக் கையுறைக் கையால் எடுத்து அவரே திறந்தார். முன்பக்கம் சுவரை ஏறக்குறைய முத்தமிட்டபடி நின்ற அந்தக் காருக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. உள்கண்ணாடியில் ஆன்சலின் மீட்டர் தொங்கியது. ரிஷ்மா அதை இயக்கி, நைட்ரஜன் பைக்குள் விட்டாள்.

அது கத்தியது. வளாகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, சிவப்பு விளக்கோடு, உடம்பெல்லாம் அதிரக் கத்தியது. ஆன்சலுக்காகக் கத்தியிருக்க வேண்டிய கத்தல், ஒரு நாள் தாமதமாக.

ரிஷ்மா அதை உடனே நிறுத்தவில்லை. கத்தட்டும் என்று விட்டாள்.

"அவர் டேங்குக்குள்ள போனப்போ இந்தக் கார் இங்க இல்ல" என்றாள். "இருந்திருந்தா இதை எடுத்திருப்பார். யாரோ அவரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. காரை அப்புறம் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க, தனியா வந்த மாதிரி தெரியறதுக்காக. சாவி தட்டுல ரெடியா இருந்தது. எடுத்து, ஓட்டி, திரும்பத் தட்டுலயே போட்டாச்சு."

"யாரு?"

"சார், பிண வண்டி உள்ள வரணும்னு சொல்லி எல்லாரையும் வண்டியை வெளிய எடுத்துட்டு மறுபடி நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

*

பதினொன்றரை. பிண வண்டி வந்து, ஆன்சலை ஏற்றிக்கொண்டு போனது. க்வாமினா தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தான்.

பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. க்வாமினாவின் லாரி வந்து நின்று, புகை கக்கி, பின்னால் போய்ச் சுவரோரம் நின்றது. ரிஷ்மாவின் கார் பின்னால் போய் அதன் பக்கத்தில் நின்றது. அல்லாஹரின் ஜீப் நேராக வந்து, மூக்கைப் படிக்கட்டில் இடிக்கிற மாதிரி நின்றது. அல்லாஹர் காபிக் கோப்பையோடு இறங்கிக் கதவை அறைந்தார்.

"ஆச்சா? என் வேலையைப் பார்க்கலாமா?"

"ஒரு நிமிஷம் பாஸ்" என்றாள் ரிஷ்மா. "முப்பது வருஷம் வட கடல் அனுபவம்னு போட்டிருக்கீங்களே, அங்க வண்டியை எப்படி நிறுத்துவாங்க?"

"என்ன கேள்வி இது?"

க்வாமினா மெல்ல ஜீப்பைப் பார்த்தான். பிறகு ஆன்சலின் காரைப் பார்த்தான். "அடப்பாவி" என்றான்.

"எங்க ஆளுங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கத்துக்கறது அதுதான் சார்" என்றாள் அவள், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "வண்டியை ரிவர்ஸ்ல நிறுத்து. சங்கு ஊதினா யோசிக்காம நேரா ஓடிடலாம். ரிவர்ஸ்ல நிறுத்தாதவனை வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் அது உடம்புல ஊறிடும். கோயில்லயும் அப்படித்தான், கல்யாண வீட்லயும் அப்படித்தான். ஆன்சல் பொண்டாட்டி பிரசவத்துக்குத் துடிக்கறப்பவே ஆஸ்பத்திரி வாசல்ல ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்தவர். அவர் காரோட வாசகத்தை நான் காலையில வாசல்லருந்தே படிச்சேன். பின்கண்ணாடியில இருக்கற வாசகம். அந்தக் கார் சுவரைப் பார்த்து நிக்குது. நிறுத்தினவன் எங்க தொழில்காரனே இல்ல."

"கார் நிறுத்தற அழகை வெச்சு என்னைக் கொலைகாரன்னு சொல்றியா?" அல்லாஹர் சிரித்தார். "இன்ஸ்பெக்டர், ஜூரிகிட்ட போய் இதைச் சொல்லுங்க. சிரிச்சே செத்துடுவாங்க."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் ஆன்சலின் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து போய், காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். கை நுழைந்தது, தோள் நுழையவில்லை.

"மிஸ்டர் அல்லாஹர், காலையில என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. சொந்த மீட்டரைக் கார்ல ஜெபமாலை மாதிரி தொங்கவிட்டுட்டான்னு."

"ஆமா, தொங்குதே!"

"தொங்குது. எனக்கே அது பத்து மணிக்கு மேல, கதவைத் திறந்தப்புறம்தான் தெரியும். பக்கமும் பின்னாலயும் கறுப்பு ஃபிலிம். முன்கண்ணாடியில மட்டும்தான் ஃபிலிம் இல்ல, அது சுவரைப் பார்த்து நிக்குது. நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?"

அல்லாஹர் காரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ரிவர்ஸ்ல நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பீங்க பாஸ்" என்றாள் ரிஷ்மா. "முன்கண்ணாடி வாசலைப் பார்த்திருக்கும், எவன் வேணும்னாலும் மீட்டரைப் பார்த்திருக்கலாம், உங்க வார்த்தையில யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எங்க பிழைப்பையே வித்துத் தின்னீங்க, அதுல முதல் பாடத்தைக்கூடப் படிக்கல. நேத்து வெசினியில ஆன்சலைப் பார்த்தீங்க. நாப்பது பசங்களோட பொய் சர்டிபிகேட் பத்தி ஜார்ஜ்டவுன்ல சொல்லப்போறேன்னு சொல்லியிருப்பார். ‘வா, டேங்கை நீயே பாரு, சரியில்லைன்னா நானே மூடிடறேன்’னு ஜீப்புல கூட்டிக்கிட்டு வந்தீங்க. டேங்க்ல முன்னாடியே நைட்ரஜன் நிரப்பி வெச்சிருந்தீங்க. அவர் எதையும் விடல. காத்தைச் சோதிச்சார், உங்க பொம்மையை வெச்சு. பையைக் காலி பண்ணார். வில்லையை மாட்டினார். வாயில ஒரு ஆளைக் காவலுக்கு நிக்க வெச்சார். உள்ள ஒருத்தன் விழுந்தா கூப்பாடு போட வேண்டிய ஆள் நீங்கதான். நின்னு பார்த்தீங்க. அப்புறம் உங்க வில்லையை மட்டும் கழட்டிக்கிட்டீங்க."

"அந்தப் பசங்களுக்கு நான் சோறு போட்டேன்!" அல்லாஹர் வெடித்தார். "ஆலை மூடினப்போ எவன் வந்தான்? நான்தான் அனுப்பினேன் நாப்பது குடும்பத்துப் பசங்களை! ஒரு காகிதம் இல்லேன்னு அத்தனை பேரையும் திருப்பி அனுப்பச் சொன்னான். யாருய்யா இவன்? ஒரு ஓட்டை டேங்குக்காக!"

க்வாமினா பாய்ந்தான். இரண்டு காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். உண்மையில் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கவில்லை. அல்லாஹரின் காபிக் கோப்பைக்கும் மூக்குக்கும் சேதம் ஏற்பட்ட பிறகுதான் பிடி இறுகியது.

மதியம் வெசினியில் பொரித்த ரொட்டிக்குள் சுறா வைத்து விற்கும் பெண்மணி, முந்தின நாள் ஆன்சல் வெள்ளை ஜீப்பில் ஏறியதையும், பிறகு அல்லாஹர் மட்டும் திரும்பி வந்து, ஜீப்பை நிறுத்திவிட்டு நீலக் காரை எடுத்துப் போனதையும், கடைசியில் வாடகை வேனில் வந்து இறங்கி ஜீப்பை எடுத்துக்கொண்டதையும் சொன்னாள். யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாளாம்.

*

இன்ஸ்பெக்டர் பாஸ்போர்ட்டைத் துடைத்துக் கொடுத்தார். எண்ணெய்க் கறை போகவில்லை.

"புதன்கிழமை விமானம்னு சொன்னீங்களே."

"அனுப்பறவர் உங்க வண்டியில பின்சீட்ல உக்காந்திருக்கார்."

அவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இது தெரிஞ்சேதான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

"அந்த நாப்பது பசங்களை உடனே கரைக்குக் கொண்டுவரணும் சார். நாளைக்கே அவங்கள்ல ஒருத்தன் ஒரு டேங்குக்குள்ள இறங்குவான்."

"அது என் எல்லை இல்ல மிஸ். கயானா."

அவள் காருக்குள் உட்கார்ந்து ஜார்ஜ்டவுனில் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள். தேன் குரலில் ஒரு மேலாளர் எடுத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது பேர், துருப்பிடித்த மூடி, பொம்மை மீட்டர், செத்துப்போன தலைமை அதிகாரி.

"பாதுகாப்புதான் எங்க முதல் கடமை மிஸ் டூக்கி" என்றார் மேலாளர். "அந்தப் பசங்களை இன்னிக்கே இறக்கிடறோம். ரொம்ப தைரியம் உங்களுக்கு. மூன்று பெலிக்கன் மூலமா வந்த எல்லா ஒப்பந்தமும் இந்த நிமிஷமே ரத்து."

"எல்லாமா?"

"எல்லாம்தான் மிஸ். விதி ஒண்ணுதானே? வேணும்னா நாங்க உங்களுக்கு ஒரு பாராட்டுக் கேடயம்..."

அவள் போனை வைத்தாள். உறைக்குள் அதைத் திணித்த வேகத்தில் உறை கிழிந்தது.

வாசலருகே போலீஸ் வண்டி அல்லாஹரோடு திணறிக்கொண்டிருந்தது. காலையில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருந்ததால், திருப்புவதற்கு முன்னும் பின்னுமாகப் போய், ஒரு பூந்தொட்டியை உடைத்து, மறுபடி முன்னால் போனது. க்வாமினா லாரியிலிருந்தபடி ஒலிப்பானை அழுத்தி அழுத்தி அவர்களைத் திட்டினான்.

ரிஷ்மா சாவியைத் திருப்பினாள். அவள் கார் ஒரே போக்கில், திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல், நேராக வெளியேறியது. போவதற்கு எல்லாம் தயாராகத்தான் இருந்தது. போக இடம்தான் இல்லை.